தம்பியின் முதுகும் தேங்காய் எண்ணெயும்

கேள்வி: நாங்கள் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். மகனுக்கு 19 வயது. எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு முடித்துவிட்டுக் குத்தகைக்காரர் ஒருவரிடம் செம்பனைக்கு மருந்தடிக்கும் வேலைக்குப் போகிறான். நான்கைந்து மாதமாக அவன் முதுகு, தோள், நெஞ்சு முழுக்கப் பொடிப்பொடியாகப் பரு. வியர்த்தால் அரிப்புத் தாங்கவில்லை என்கிறான். முகத்தில் ஒன்றுமே இல்லை. தினமும் இரண்டு வேளை நார் போட்டுத் தேய்த்துத்தான் குளிக்கிறான். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் போட்டேன். காய்ந்து போகாமல் இருக்க இரவில் தேங்காய் எண்ணெய் தடவுகிறேன். கிளினிக்கில் ஒரு மாதத்துக்கு ஆன்டிபயாட்டிக் மாத்திரை கொடுத்தார்கள். அதற்குப் பிறகு கூடித்தான் போனது. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய ஒரு கிரீம் பத்து நாள் நன்றாகக் கேட்டது, விட்டதும் பழையபடி வந்துவிட்டது. "குளிக்கிறானா இல்லையா?" என்று சொந்தக்காரர்களே கேட்கிறார்கள். தைப்பூசத்துக்கு இன்னும் மூன்று மாதம். ஈப்போ கல்லுமலையில் காவடி எடுப்பதாக அவனுக்காக வேண்டியிருக்கிறேன். "சட்டையைக் கழற்ற மாட்டேன், வேறு வேண்டுதல் வைத்துக்கொள்" என்கிறான். 13 வயது மகளுக்கும் மேல்கையில் சொரசொரவென்று இருக்கிறது. இது பரம்பரையா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்தச் சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். தம்பி குளிக்கிறான். பார்க்கப்போனால் கொஞ்சம் அதிகமாகவே தேய்த்துக் குளிக்கிறான். அந்த நாரை இன்றைக்கே குப்பையில் போடுங்கள்.

நானும் லயத்து வீட்டில் வளர்ந்தவள்தான். பதினைந்து வயதில் எனக்கு முதுகில் பரு வந்தபோது என் அம்மா குழாயடியில் உட்காரவைத்துப் பீர்க்கங்காய் நாரால் தேய்த்த தேய்ப்பு இன்னும் நினைவிருக்கிறது. பக்கத்து வீட்டு அத்தை வேறு நின்று, "இன்னும் அழுத்தித் தேய், அழுக்கு போகட்டும்" என்பார். முதுகு எரிந்துகொண்டே பள்ளிக்கூடம் போவேன். எனக்கு இருந்தது அழுக்கு இல்லை என்று மருத்துவம் படிக்கப் போன பிறகுதான் தெரிந்தது.

தோலில் நாம் 'துளை' என்று சொல்வதில் இரண்டு வகை உண்டு. ஒன்று மயிர்க்கால். அதன் பக்கத்திலேயே எண்ணெய்ச் சுரப்பி ஒட்டியிருக்கும்; அது சுரக்கும் எண்ணெய் மயிர்க்கால் வழியாகத்தான் மேலே வரும். இன்னொன்று வியர்வை வெளிவரும் துளை. அது தனி வழி. மயிர்க்காலின் உட்சுவரிலும் தோல் உதிர்ந்துகொண்டே இருக்கிறது. உதிர்ந்தது சரியாக வெளியேறாமல் எண்ணெயோடு சேர்ந்து பசைபோல இறுகினால் வாய் அடைத்துக்கொள்ளும். வாய் திறந்தபடி அடைத்தால் கரும்புள்ளி, மூடியபடி அடைத்தால் வெண்புள்ளி. கரும்புள்ளியின் கறுப்பைத்தான் எல்லோரும் அழுக்கு என்று நினைக்கிறார்கள். காற்றுப் பட்டு நிறம் மாறிய எண்ணெயும், தோலிலேயே இருக்கும் நிறமியும்தான் அந்தக் கறுப்பு. அது சோப்புக்கும் போகாது, நாருக்கும் போகாது. நார் போட்டால் மேல்தோல் காயப்படும். காயம்பட்ட தோல் தன்னைக் காத்துக்கொள்ள இன்னும் தடிக்கும், வாய் இன்னும் குறுகும்.

ஆக, உடம்பில் 'அடைப்பு' என்று யாராவது வந்தால் நான் முதலில் பார்ப்பது எந்த அடைப்பு என்பதைத்தான். முகப்பரு மாதிரியே முதுகில் வருவது ஒன்று: அதில் கரும்புள்ளி, வெண்புள்ளி, சீழ்க்கட்டி எல்லாம் பெரிதும் சிறிதுமாகக் கலந்து கிடக்கும், தொட்டால் வலிக்கும், அரிப்பு அவ்வளவாக இருக்காது. வேர்க்குரு இன்னொன்று: அது வியர்வைத் துளையின் அடைப்பு, குத்திக் குத்தி எரியும், குளிர்ந்த இடத்தில் சில நாள் இருந்தாலே அடங்கும். மூன்றாவது ஒன்று இருக்கிறது, பெரும்பாலானோர் அதைப் பரு என்றே நினைத்து மாதக்கணக்கில் பருவுக்கு வைத்தியம் பார்ப்பார்கள். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எனக்கு அந்த மூன்றாவதுதான் கண்ணில் படுகிறது.

பொடிப்பொடியாக, கிட்டத்தட்ட ஒரே அளவில். முதுகு, தோள், நெஞ்சு. முகத்தில் இல்லை. வியர்த்தால் அரிப்பு. ஆன்டிபயாட்டிக் கொடுத்தும் கூடியது. இந்த ஐந்தும் சேர்ந்து வந்தால், மயிர்க்காலுக்குள் ஈஸ்ட் வகைப் பூஞ்சை பெருகியிருக்கிறதா என்றுதான் சந்தேகப்பட வேண்டும். அந்த ஈஸ்ட்டின் பெயர் மலசீசியா. நம் மலேசியாவின் பெயர்போலக் கேட்கும், தொடர்பு இல்லை. மலாசே என்ற பிரெஞ்சுக்காரரின் நினைவாக 1889-இல் வைத்த பெயர். நம் எல்லோர் தோலிலும் அது சும்மா குடியிருக்கிறது. தலையில் பொடுகுக்கும் அதற்கும் தொடர்புண்டு. கழுத்திலும் முதுகிலும் வெளிறித் தெரியும் தேமல், மலாய்க்காரர்கள் பானாவ் என்கிறார்களே, அதுவும் இதன் வேலைதான். வெயில், ஈரம், எண்ணெய் மூன்றும் கிடைத்தால் மயிர்க்காலுக்குள் இறங்கிப் பெருகும்.

எண்ணெய் என்றதும் உங்களுக்குச் சுருக்கென்று இருக்கும். இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். இந்த ஈஸ்ட்டால் தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலத்தைத் தானே தயாரித்துக்கொள்ள முடியாது. வெளியிலிருந்து வாங்கித்தான் பிழைக்கும். நம் தோலின் எண்ணெய் அதற்குச் சாப்பாடு. நாம் தடவும் தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் விருந்து. நீங்கள் அன்போடு இரவில் தடவியது மகனுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்னால் அதற்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இதற்காக வருத்தப்படாதீர்கள், காய்ந்த தோலுக்குத் தேங்காய் எண்ணெய் நல்லதுதான். இந்தத் தோலுக்கு இப்போது ஆகாது, அவ்வளவுதான். மூன்று மாதத்துக்கு உடம்பில் எண்ணெய் வேண்டாம். சனிக்கிழமைத் தலைமுழுக்கைத் தலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வழிந்து முதுகில் இறங்கியதைக் கழுவாமல் விடவேண்டாம். கோடாலித் தைலமும் வேண்டாம். அரிப்பை மறக்கடிக்கும் ஒரு எரிச்சல், வேறொன்றும் இல்லை.

ஆன்டிபயாட்டிக்கில் ஏன் கூடியது? அந்த மாத்திரை பாக்டீரியாவைக் கொல்லும், பூஞ்சையைத் தொடாது. தோலில் இரண்டும் இடத்துக்குப் போட்டி போட்டுக்கொண்டு இருக்கின்றன. ஒன்றைக் காலி செய்தால் மற்றது பரவும். மாத்திரை கொடுத்தவரைக் குறை சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதேபோல் ஒரு பையனுக்கு இரண்டு மாதம் மாத்திரை கொடுத்து, அவன் முதுகு முழுக்கப் பரவிய பிறகுதான் "அரிக்கிறதா?" என்று கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

பாசார் மாலாம் கிரீமின் கதையும் ஏறக்குறைய இதுதான். பத்து நாளில் அரிப்பும் சிவப்பும் மாயமாக மறைந்து, விட்டதும் திரும்பி வருகிறது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். ஸ்டீராய்டு அரிப்பை அடக்கும். அதே நேரத்தில் பூஞ்சையை எதிர்க்கும் சக்தியையும் அடக்கிவிடும். தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து கோடு விழும், ஸ்டீராய்டாலேயே புதுப் பரு வரும். லேபிளில் சொல்லாமல் ஸ்டீராய்டு, பாதரசம், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின் கலந்த கிரீம்களைச் சுகாதார அமைச்சின் மருந்து ஒழுங்குமுறைப் பிரிவு அடிக்கடி பிடித்து அறிவிக்கிறது. மருந்து என்றால் பெட்டியில் 'எம்ஏஎல்' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். அழகுப்பொருள் என்றால் 'நாட்' என்று தொடங்கும் எண் இருக்கும். இரண்டும் இல்லாத டப்பாவைத் தோலில் போடாதீர்கள். எண் இருக்கிறது என்பதற்காக மட்டும் நம்பிவிடவும் வேண்டாம். அந்த எண்ணை ஒழுங்குமுறைப் பிரிவின் இணையப் பக்கத்தில் தட்டிப் பார்க்கலாம், மகளிடம் சொன்னால் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடுவாள்.

இனி மருந்து. கேட்டால் சிரிப்பீர்கள்: தலைக்குப் போடும் ஷாம்பு. கெட்டோகோனசோல் 2 விழுக்காடு உள்ள பொடுகு ஷாம்புவைப் பார்மசியில் மருந்தாளரிடம் கேட்டு வாங்குங்கள். குளிக்கும்போது உடம்பை நனைத்து, முதுகு, தோள், நெஞ்சு, மேல்கை எல்லா இடத்திலும் நுரை வரத் தடவி, 5 முதல் 10 நிமிடம் அப்படியே விட்டுப் பிறகு கழுவ வேண்டும். பலர் தோற்றுப்போவது இந்த இடத்தில்தான். தடவிய கையோடு தண்ணீர் ஊற்றிவிட்டு "கேட்கவில்லை டாக்டர்" என்பார்கள். தம்பியை ஒரு பாட்டு, இரண்டு பாட்டு போட்டுக் கேட்டுக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள். முதுகின் நடுவில் அவன் கை எட்டாது. வீட்டில் அவனுக்கு இளையவன் ஒருவன் இருந்தால் அவன், இல்லாவிட்டால் நீங்கள்தான் தடவிவிட வேண்டும். நார் இல்லாமல், உள்ளங்கையால். முதல் ஐந்து நாள் தினமும், அதன்பின் வாரம் மூன்று முறை, நான்கு வாரம். தோல் மேலிருந்து கீழ்வரை புதுப்பித்துக்கொள்ள ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும், அதற்கு முன்னால் முடிவு சொல்ல முடியாது. அரிப்பு முதலில் குறையும், புடைப்பு பிறகுதான் அமுங்கும். அடங்கிய பிறகும் வாரம் ஒருமுறை தொடருங்கள். நம் ஊர் வெயிலில் நிறுத்தினால் திரும்பி வரும். அது மருந்தின் தோல்வியில்லை, அந்த ஈஸ்ட் நம்மோடேயே குடியிருப்பதால்.

செலினியம் சல்பைடு உள்ள ஷாம்புவும் கேட்கும். அதைப் போடுவதானால் வெள்ளிச் சங்கிலி, அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் போடச் சொல்லுங்கள், கறுத்துவிடும். இரண்டுமே கண்ணில் படக்கூடாது, கீறிப் புண்ணான இடத்தில் போடக்கூடாது. அதிலும் குறையாவிட்டால் மருத்துவர் பூஞ்சையைக் கொல்லும் மாத்திரை தரலாம். யாராவது சொன்னார்கள் என்று கெட்டோகோனசோலை மாத்திரையாகத் தேடிப் போகாதீர்கள். அது கல்லீரலைக் கெடுக்கக்கூடியது.

இதைப் படிக்கும் வேறு சிலருக்கு முதுகில் அரிப்பில்லாத, கரும்புள்ளியும் வலிக்கும் கட்டியுமாகக் கலந்த சாதாரணப் பரு இருக்கும். அவர்களுக்குப் பென்சாயில் பெராக்சைடு வாஷ். 5 விழுக்காடு போதும்; 10 விழுக்காட்டில் எரிச்சல்தான் கூடும். தடவி இரண்டு மூன்று நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும். ஒரு எச்சரிக்கை, துணியில் பட்டால் சாயத்தை வெளுக்கவைத்துவிடும். வெள்ளைத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள், தீபாவளிச் சட்டையை உடனே மாட்டாதீர்கள். கரும்புள்ளி மட்டும் என்றால் சாலிசிலிக் அமிலம் 2 விழுக்காடு உள்ள வாஷ். மூன்று மாதம் பொறுமை வேண்டும். கர்ப்பிணிகள் எதையும் தாங்களாக வாங்காமல் கேட்டுவிட்டு வாங்க வேண்டும். பருவுக்கு மாத்திரையாகக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினோயின் வயிற்றில் உள்ள குழந்தைக்கு ஊனம் உண்டாக்கும். அதை யாரும் யாருக்கும் கடன் கொடுக்கவே கூடாது.

தம்பியின் வேலைக்கு வருகிறேன், ஏனென்றால் பாதிக் காரணம் அங்கே இருக்கிறது. 16 லிட்டர் மருந்துப் பம்பை முதுகில் கட்டிக்கொண்டு, முழுக்கைச் சட்டையும் மேலே பிளாஸ்டிக்கும் போட்டு, செம்பனைக்கு அடியில் காற்றே இல்லாத இடத்தில் காலையிலிருந்து நடக்கிறான். பம்பும் வாரும் அழுத்தும் இடத்தில் தோல் உராயும், வியர்வை ஆவியாக வழியில்லை. பருக்கள் அந்த வாரின் தடத்திலேயே அதிகமாக இருக்கிறதா என்று பாருங்கள். அதற்காக அந்தச் சட்டையைக் கழற்றச் சொல்லமாட்டேன். பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் தோல் வழியாக உள்ளே போகும். பருவுக்குப் பயந்து அந்த ஆபத்தை வாங்கிக்கொள்ள வேண்டாம். உள்ளே பனியன் மட்டும் பருத்தியாக இருக்கட்டும், பந்து விளையாடும் பாலியெஸ்டர் ஜெர்சி வேண்டாம். இன்னொரு பனியனைப் பையில் வைத்திருந்து ஓய்வு நேரத்தில், கை கழுவிவிட்டு, மாற்றிக்கொள்ளட்டும். வேலை முடிந்ததும் அதே சட்டையோடு கடையில் உட்கார்ந்து தே தாரிக் குடிப்பது, பந்துக்குப் போவது எல்லாம் வேண்டாம். நேராக வீடு, உடனே குளியல். பிறகு பந்துக்குப் போகட்டும். மருந்தடிக்கப் போட்ட துணியை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். முதுகைத் துடைக்கும் துண்டு அவனுக்குத் தனியாக இருக்கட்டும், தினமும் வெயிலில் காயட்டும்.

குளியலில் ஒரு வரிசை உண்டு. தலையை முதலில் அலசிவிட்டு உடம்பைக் கடைசியில் கழுவ வேண்டும். தலையில் போட்ட எண்ணெய், பொமேட், கண்டிஷனர் எல்லாம் வழிந்து தங்குவது முதுகில்தான். இதைச் சொன்னாலே சில பெண்பிள்ளைகளுக்கு முதுகுப் பரு பாதி குறைந்துவிடும். இரண்டு வேளைக் குளியல் போதும், சாதாரண வாசனையில்லாத சோப்பு போதும்.

'உடம்புச் சூடு' என்று மோரும் வெந்தயமும் கொடுக்கச் சொல்லியிருப்பார்கள். நம் பெரியவர்கள் சூட்டைப் பிடித்தது சரி, அது உள்ளேயிருந்து வருவதாக நினைத்ததுதான் பிசகு. வெளியிலிருக்கும் சூடும் வியர்வையும்தான் சங்கதி. மோர் கொடுங்கள், தாகத்துக்கு நல்லது. கோழி, முட்டையை நிறுத்த வேண்டியதில்லை. சாதாரணப் பரு உள்ளவர்களுக்குச் சர்க்கரையும் பாலும் அதிகமானால், ஜிம்முக்குப் போகும் பையன்கள் குடிக்கும் வே புரோட்டீன் பவுடராலும், சிலருக்குப் பரு கூடுவதைப் பார்க்கிறோம்.

மகளுக்கு இருப்பது நோயே இல்லை. மேல்கையின் பின்புறம், தொடையில், கோழித்தோல் மாதிரி சொரசொரப்பு. மயிர்க்கால் வாயில் கெரட்டின் என்ற தோல் புரதம் குச்சிபோல அடைத்திருக்கும். ஆமாம், பரம்பரையாக வரும். உங்கள் கையையோ அவள் அப்பாவின் கையையோ தடவிப் பாருங்கள். யூரியா 10 விழுக்காடு உள்ள கிரீமைக் குளித்து ஈரம் போவதற்குள் தினமும் தடவினால் மிருதுவாகும். விட்டால் திரும்பும். வயது ஏற ஏறப் பலருக்குத் தானாகக் குறைந்துவிடும். அவளையும் நாரோடு விரட்டாதீர்கள்.

நான் தம்பியை நேரில் பார்க்கவில்லை, கடிதத்தை வைத்துச் சொல்கிறேன். ஷாம்பு போட்டு நான்கு வாரத்தில் அரிப்பாவது குறையாவிட்டால் அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானில் காட்டுங்கள், 1 ரிங்கிட்தான் கட்டணம். தோலைக் கொஞ்சம் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஈஸ்ட் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். தேவைப்பட்டால் ஈப்போ ராஜா பெர்மாய்சூரி பைனுன் மருத்துவமனையின் தோல் பிரிவுக்குக் கடிதம் கொடுப்பார்கள். போகும்போது அந்தப் பாசார் மாலாம் கிரீமையும் மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். திட்டுவார்கள் என்று மறைக்காதீர்கள்.

நான்கு வாரம் காத்திருக்கக் கூடாத சிலரும் உண்டு. காய்ச்சலோடு பெரிய கட்டி வருபவர்கள். அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில் வலிக்கும் கட்டி திரும்பத் திரும்ப வந்து உடைந்து தழும்பாகிறவர்கள். வெட்கத்தால் பெண்கள் இதை வருடக்கணக்கில் மறைக்கிறார்கள், அது வெறும் வியர்வைக் கட்டி இல்லை, அதற்குத் தனி வைத்தியம் இருக்கிறது. அடிக்கடி கொப்புளம் வந்து ஆறாதவர்கள் இரத்தத்தில் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். இந்த நாட்டில் 2023-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு; ஏறக்குறைய ஆறில் ஒருவர். நம்மவர்களிடம் அது இன்னும் அதிகம் என்பது உங்களுக்கே தெரியும்.

கடைசியில் காவடி. மூன்று மாதம் என்பது நல்ல அவகாசம். இன்றைக்குத் தொடங்கினால் அரிப்பும் புதுப் பருவும் அதற்குள் அடங்கிவிட வாய்ப்பு அதிகம். அலகு குத்துவதாக இருந்தால், குத்துகிற பெரியவரிடம் முன்னாலேயே முதுகைக் காட்டிவிடுங்கள். சீழ் உள்ள பரு இருக்கும் இடத்தில் கொக்கி போகக்கூடாது, கிருமி உள்ளே இறங்கும். புண்ணான இடத்தில் மஞ்சளோ சாம்பலோ அப்ப வேண்டாம். காவடி இறக்கிய பிறகு குளித்து, நன்றாகக் காயவைத்து, அன்றைக்கு மட்டும் ஷாம்பு வேண்டாம், துளைகள் ஆறட்டும்.

கறுத்த தழும்பு மட்டும் அதற்குள் போகாது. நம் நிறத்துக்குப் பரு போன இடத்தில் கறுப்புப் புள்ளி சில மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட நிற்கும். கிள்ளினால் இன்னும் கூடும். இதைத் தம்பியிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், கடைசி வாரத்தில் கண்ணாடியைப் பார்த்துவிட்டு மனம் மாறக்கூடாது. சந்தனமும் திருநீறும் பூசிய முதுகில் அது எடுத்துத் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் அவன் வேண்டாம் என்றால், பால்குடம் எடுக்கட்டும். அதற்குச் சட்டையைக் கழற்றுவதா வேண்டாமா என்பதை அவனே முடிவு செய்யட்டும்.